கீழறையின் காற்று

சென்ற ஆண்டு என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். விலை பேசி முடித்து, பத்திரம் எழுதுவதற்கு முன்னால், அரசுச் சான்று பெற்ற ஒருவர் வந்து வீட்டின் நிலவறையில் ஒரு கருவியை இரண்டு நாள் வைத்திருந்து எடுத்துச் சென்றாராம். மண்ணிலிருந்து கசிந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானின் அளவு அங்குள்ள வரம்பைத் தாண்டியிருந்தது. வீட்டை விற்றவர் தம் செலவில் தரைக்கு அடியிலிருந்து கூரைக்கு மேல்வரை ஒரு குழாயும் அதில் ஒரு விசிறியும் பொருத்திக் கொடுத்த பிறகுதான் கிரயம் முடிந்தது. தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அப்பா, நம்ம கிருஷ்ணகிரி வீடு பாறைமேலேயேதானே இருக்கு, அங்க எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள்.

முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். யுரேனியம் 238-இல் தொடங்கி ஈயம் 206-இல் முடியும் சிதைவு வரிசையை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த வரிசையின் நடுவில் நிற்கும் ரேடான் வாயு, நாங்கள் உட்கார்ந்திருந்த வகுப்பறையின் தரை வழியாகவே மேலே வந்துகொண்டிருக்கிறது என்பதை ஒரு நாளும் மாணவர்களிடம் நான் சொன்னதில்லை. மகளின் கேள்விக்குச் சொல்ல என்னிடம் எண் எதுவும் இல்லை. அந்த எண்ணைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவற்றை, பாறை நிலத்தில் வீடு கட்டி வாழும் நம் மாவட்டத்துக்காரர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

பூமியின் எல்லா மண்ணிலும் பாறையிலும் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது பல படிகளில் சிதைந்து ரேடியம் 226 ஆகிறது. ரேடியம் சிதையும்போது ரேடான் 222 பிறக்கிறது. வரிசையில் முன்னும் பின்னும் உள்ள எல்லாத் தனிமங்களும் திடப்பொருள்கள் என்பதால் பிறந்த இடத்திலேயே கிடக்கின்றன. ரேடான் மட்டும் மந்த வாயு. எதனோடும் சேராமல், மண்ணின் இடுக்குகளிலும் பாறையின் வெடிப்புகளிலும் நகர்ந்து மேலே வருகிறது. அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்து தீர ஆகும் காலம், 3.8 நாள். நிலத்தின் ஆழத்திலிருந்து ஒரு வீட்டுக்குள் நுழைந்து அங்கே தங்குவதற்கு அந்த அவகாசம் போதுமானது. நிறமோ மணமோ அதற்குக் கிடையாது. உண்மையில் நம் உடலுக்கு ஊறு செய்வது ரேடானைவிட அதிலிருந்து பிறக்கும் போலோனியம் 218, போலோனியம் 214 ஆகியவைதான். மூச்சோடு உள்ளே போகும் ரேடான் பெரும்பாலும் மூச்சோடே வெளியே வந்துவிடும். ஆனால் அதன் சேய்த் தனிமங்கள் காற்றிலுள்ள தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிகின்றன. சில நிமிடங்களில் அவை சிதைந்து ஆல்ஃபா துகள்களை வெளிவிடுகின்றன. ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்து நிறுத்திவிடும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். மூச்சுக்குழாயின் உட்பக்கத்தில் அந்தத் தாள் இல்லை. அங்கே உயிருள்ள செல்களே துகளை வாங்கிக்கொள்கின்றன.

ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றுவந்த நோய் நுரையீரல் புற்றுநோய்தான் என்று ஹார்டிங், ஹெஸ்ஸ என்னும் இரு மருத்துவர்கள் 1879-இல் எழுதினார்கள். அப்போது ரேடான் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அது மனிதரிடம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முறையாக வகைப்படுத்தியது 1988-இல். சுரங்கத்தில் இருப்பது வீட்டிலும் இருக்க முடியும் என்பதை உலகம் உரக்கக் கேட்டது, என் மகள் இருக்கும் அதே பென்சில்வேனியாவில்தான். 1984 டிசம்பரில், கட்டி முடிக்கப்படாத லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் வாயிலில் இருந்த கதிர்வீச்சுக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அது ஒலி எழுப்பியது. நிலையத்தில் இன்னும் எரிபொருளே நிரப்பப்படவில்லை. அவர் கதிரியக்கத்தைத் தம் வீட்டிலிருந்து சுமந்து வந்திருந்தார். அவருடைய வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பெக்கரல் ரேடான் இருந்தது. ஒரு பெக்கரல் என்பது ஒரு வினாடிக்கு ஓர் அணு சிதைவது. உலகத்து வீடுகளின் சராசரி சுமார் 40 என்பதோடு அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் செய்தியின் கனம் புரியும்.

இனி நம் நிலத்துக்கு வருகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் முதலான மிகப் பழைய பாறைகள். சாமல்பட்டிப் பக்கம் போனால் சயனைட் (syenite), கார்பனடைட் என்னும் வேறு வகைப் பாறைகளும் கிடைக்கின்றன. சில கிலோமீட்டர் தொலைவுக்குள் பாறையின் வகை மாறிவிடும் நிலம் இது. கிரானைட்டில் யுரேனியமும் தோரியமும் மற்றப் பல பாறைகளைவிடக் கூடுதலாக இருப்பது பொதுவான இயல்பு. இதைச் சொன்னவுடனே என் நண்பர் ஒருவர், பர்கூரில் வாங்கிப் போட்ட சமையல் மேடைக் கல்லைப் பெயர்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். மெருகேற்றிய கல்லின் உள்ளே பிறக்கும் ரேடானில் மிகச் சிறு பங்குதான் வெளியே வர முடியும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு பலகையிலிருந்து வருவதையும், வீட்டின் முழுப் பரப்புக்கும் அடியில் கிடக்கும் மண்ணிலிருந்தும் வெடிப்புப் பாறையிலிருந்தும் வருவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. நம் பகுதிக்கு வாழ்வு தரும் கல் தொழிலின் மேல் தேவையில்லாத அச்சத்தைக் கிளப்புவது அறமும் ஆகாது. கல்லுடைக்கும் இடங்களில் உழைப்பவர்களுக்கு உடனடித் தீங்கு சிலிக்காத் தூசி; திறந்தவெளிக் குவாரியில் ரேடான் காற்றோடு கலைந்துவிடும்.

வீட்டுக்குள் ரேடானை இழுத்து வருவது அழுத்த வேறுபாடு. வீட்டின் உள்காற்று வெளிக்காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது அது மேலேறி வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து காற்று வர வேண்டும். சில பாஸ்கல் அளவுக்கே ஆன அந்த மெல்லிய உறிஞ்சுதல் போதும், தரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள கீறல் வழியாகவும், மின்குழாயும் கழிவுநீர்க் குழாயும் தரையைத் துளைக்கும் இடங்கள் வழியாகவும் மண்காற்று உள்ளே வந்துவிடும். குளிர்ந்த இரவில், கதவுகள் சாத்திக் கிடக்கும்போது, இது கூடுகிறது. பகலில் சன்னல் திறந்து காற்று குறுக்கே ஓடினால் குறைகிறது. நம் பழைய வீடுகளில் சன்னலுக்கு மேலே மூடவே முடியாதபடி வைத்த வெண்டிலேட்டர்களும், நடுவில் வானம் பார்த்த முற்றமும் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய காப்பு. இப்போது ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் எழும் கட்டடங்களில் அந்தத் திறப்புகள் இல்லை. ஏசிக் குளிர் வீணாகக் கூடாது என்று அறையை இறுக்கி அடைக்கிறோம். நிலத்தடியில் அலுவலகமும் உடற்பயிற்சிக் கூடமும் வைக்கிறோம். நிலம் பழைய நிலம்தான், அதன் மேல் நாம் வைக்கும் மூடி மாறிவிட்டது என்பதே என் கவலை.

என் வீட்டிலேயே அது நடந்திருந்தது. அப்பா கட்டிய வீடு. சரிவை வெட்டிக் கட்டியதால், தெருவிலிருந்து பார்த்தால் தரைத்தளம் போலத் தெரியும் கீழறையின் பின்சுவர் பாறையை ஒட்டி நிற்கும். முன்பு அதில் ராகி மூட்டைகளும் புளிப் பானைகளும் இருந்தன. 2020-இல் இளைய மகன் பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கியபோது, அந்த அறைக்கு டைல்ஸ் ஒட்டி, ஏசி மாட்டி, வெண்டிலேட்டரைப் பலகை வைத்து அடைத்தோம். நாளுக்குப் பத்து மணி நேரம் அவன் அங்கேதான் இருக்கிறான்.

சென்ற ஐப்பசியில் மகள் வந்தபோது கைக்கு அடக்கமான மின்னணு ரேடான் கருவி ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே நுழையும் ரேடான் சிதையும்போது வெளிவிடும் ஆல்ஃபா துகள்களை எண்ணி, நாள் சராசரியையும் நீண்ட காலச் சராசரியையும் அது காட்டும். ஆர்வத்தில் முதலில் சன்னல் திண்டின் மேல் வைத்துவிட்டேன். அது காட்டியது வெளிக்காற்றின் கதையைத்தான். பிறகு முறையாகப் படித்துத் திருத்திக்கொண்டேன். மனிதர் அதிக நேரம் இருக்கும் அறையில், மூச்சு விடும் உயரத்தில், சன்னல், கதவு, விசிறி, ஏசி ஆகியவற்றின் காற்று நேராகப் படாத இடத்தில், சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சமையலறையும் குளியலறையும் கூடாது. சுவரிலிருந்து தள்ளி வைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தோரியத்திலிருந்து பிறக்கும் தோரான் என்னும் ரேடான் 220-இன் அரை ஆயுள் சுமார் 56 வினாடியே ஆதலால் அது சுவரை விட்டு அதிக தூரம் போவதற்குள் அழிந்துவிடும். மண்சுவரை ஒட்டிக் கருவியை வைத்தால், இரண்டையும் பிரித்தறியத் தெரியாத கருவி தோரானையும் சேர்த்து எண்ணி நம்மை ஏமாற்றக்கூடும்.

ஆராய்ச்சியாளர்கள் நீண்ட கால அளவீட்டுக்குப் பயன்படுத்துவது இதைவிட எளிய பொருள். மூக்குக் கண்ணாடி வில்லை செய்யும் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக், அல்லது எல்ஆர்-115 என்ற சிவப்பு நிறப் படச்சுருள். இதில் ஒரு சிறு துண்டை ஒரு குப்பிக்குள் வைத்து மூன்று மாதம் அறையில் தொங்கவிடுவார்கள். ஆல்ஃபா துகள் பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வடு விழுந்திருக்கும். பிறகு சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் வடுக்கள் குழிகளாகப் பெருகும். அவற்றை எண்ணி அளவைக் கணக்கிடுவார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் ரேடானையும் தோரானையும் தனித்தனியே அளக்கும் இரட்டைக் குப்பிக் கருவியை உருவாக்கி, எல்ஆர்-115 படலத்தைக் கொண்டே நம் நாட்டின் பல பகுதிகளில் வீடுகளை அளந்திருக்கிறது. மின்சாரமோ மேற்பார்வையோ வேண்டாத இந்த முறை நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். மூன்று மாதம் என்பதைக் கேட்டு நீளம் என்று எண்ணக் கூடாது. ரேடான் ஒரே நாளில் ஏறி இறங்கும். பருவத்துக்குப் பருவம் மாறும். இரண்டு நாள் சோதனை, வீடு விற்பவரும் வாங்குபவரும் அவசரமாக முடிவெடுக்க உதவும். அந்த வீட்டில் வாழ்பவருக்கு ஆண்டுச் சராசரிதான் வேண்டும்.

கருவி காட்டியதைக் காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். மேல் வீட்டுக் கூடத்தில், சன்னல்கள் திறந்தே இருப்பதால், எண் உலகச் சராசரியை ஒட்டியே நின்றது. கீழறையில் அது 100-ஐத் தாண்டியது. விடியற்காலையில் ஏறியும் பிற்பகலில் இறங்கியும் ஆறு வாரச் சராசரி 100-க்கும் 300-க்கும் இடையில் வந்து நின்றது. இது ஒரே ஒரு வீட்டின், ஒரே ஓர் அறையின் எண். ஊரைப் பற்றி இதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. அடுத்தடுத்த வீடுகளிலேயே அளவு வேறாக இருக்கும் என்பதால்தான் ஒவ்வொரு வீட்டையும் அளக்கச் சொல்கிறார்கள்.

நோட்டைப் பார்த்த மகன், "300-க்குக் கீழதானே இருக்கு, சரிதானேப்பா?" என்றான். அமெரிக்காவிலிருந்து மகள், "எங்க ஊர்னா இந்நேரம் குழாய் போட்டிருப்பாங்க" என்றாள். இருவரும் சொன்னதில் தவறில்லை என்பதுதான் ரேடான் வரம்புகளின் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கையேடு 100 பெக்கரலை நாடுகள் தமக்கு வைத்துக்கொள்ள வேண்டிய வரம்பாகப் பரிந்துரைத்தது. அங்கங்குள்ள நிலைமையால் அது முடியாத இடத்தில் 300-ஐத் தாண்டக் கூடாது என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு ஆணை உறுப்பு நாடுகளுக்கு 300-ஐ மேல்வரம்பாக வைத்தது. பிரிட்டனில் 200-இல் நடவடிக்கை எடுக்க வேண்டும், 100-ஐ இலக்காகக் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் அளவு 148. அவர்கள் தங்கள் அலகில் லிட்டருக்கு 4 பிக்கோகியூரி என்று சொல்வதை 37-ஆல் பெருக்கினால் வருவது அது. ஒரே நுரையீரலுக்கு ஏன் இத்தனை வரம்புகள் என்று நானும் முதலில் குழம்பினேன். இந்த எண்களில் எதுவும் இதற்குக் கீழே நலம், இதற்கு மேலே நோய் என்று பிரிக்கும் கோடு அன்று. எந்த அளவுக்கு மேல் செலவு செய்து திருத்துவது தன் மக்களுக்குக் கட்டுபடியாகும் என்று ஒவ்வொரு நாடும் தன் நிலத்தையும் வீடுகளையும் பார்த்து எடுத்த முடிவு அது. தீங்கின் வாய்ப்பு எந்தக் கோட்டிலும் நிற்காமல் அளவோடு சேர்ந்தே ஏறுகிறது. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2005-இல் வெளிவந்த ஆய்வின்படி, நீண்ட காலச் சராசரி 100 பெக்கரல் கூடுந்தோறும் நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது.

அந்த 16 விழுக்காடு யார்மேல் ஏறுகிறது என்பதைப் பார்க்காமல் விட்டால் கணக்கு தப்பாகிவிடும். அதே ஆய்வு சொல்வது: வாழ்நாள் முழுதும் புகைக்காதவர் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, ரேடானே இல்லாவிட்டால் ஆயிரத்தில் 4, 100 பெக்கரலில் 5, 400-இல் 7. புகைப்பவருக்கு இவை முறையே ஆயிரத்தில் 100, 120, 160. ஆகவே, பீடியையும் சிகரெட்டையும் அடைத்த அறையையும் ஒன்றாக வைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் முதலில் அணைக்க வேண்டியது பீடியைத்தான். நெருங்கிய உறவினர் ஒருவரிடம் இந்த எண்களைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவரிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

போர்வெல் நீரைப் பற்றி ஒரு சொல். ஆழமான பாறை நீரில் ரேடான் கரைந்திருக்கும். குழாயைத் திறக்கும்போதும் குளிக்கும்போதும் அது காற்றில் கலக்கும். நம் மாவட்டத்தாருக்கு நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு என்றால் யாரும் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளின் பல்லில் படிந்த பழுப்புக் கறைதான் அதை நமக்குக் கற்பித்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. ஃப்ளோரைடு நீரைக் கொதிக்க வைத்தால் நீர் சுண்டி அது இன்னும் செறிவடையும். ரேடானோ கொதிக்கும்போதும், நீர் மேலிருந்து சிதறி விழும்போதும் வெளியேறிவிடும். மேல்தொட்டியில் தேங்கி நின்றாலே நாலு நாளில் பாதியாகும். தொட்டி திறந்த மாடியில் காற்றோட்டமாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஃப்ளோரைடு பல்லில் எழுதிக் காட்டியதைப் போல ரேடான் எதையும் எழுதிக் காட்டுவதில்லை.

கீழறையைத் திருத்தியதில் நான் செய்த பிழையையும் சொல்லியாக வேண்டும். அறைக் காற்றை வெளியே தள்ளிவிட்டால் போதும் என்று எண்ணி ஒரு எக்சாஸ்ட் விசிறி மாட்டினேன். வெண்டிலேட்டர் அடைத்தபடியே இருந்தது. இரண்டு வாரத்தில் எண் குறையவில்லை, கூடியது. விசிறி அறைக்குள் அழுத்தத்தைக் குறைத்து, தரையின் கீறல்கள் வழியாக மண்காற்றை இன்னும் வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது. அழுத்த வேறுபாட்டைப் பாடமாக நடத்திய எனக்கு இது மாட்டுவதற்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். விசிறியைத் திருப்பி, வெளிக்காற்றை உள்ளே செலுத்தும்படி வைத்தோம். வெண்டிலேட்டர் பலகையை எடுத்தோம். பின்சுவரும் தரையும் சேரும் மூலை நெடுகவும், குழாய் நுழையும் துளைகளைச் சுற்றியும் சிலிகான் பூசச் சொன்னேன். "பூரான் வராம இருக்கவா சார்?" என்று மேஸ்திரி கேட்டார். மண்ணிலிருந்து வரும் காற்றைத் தடுக்க என்று சொன்னதும், சற்று யோசித்துவிட்டு, "அதைத் தரை போடறப்பவே சொல்லியிருந்தா ஜல்லிக்கு அடியில ஒரு பைப் விட்டிருப்பேனே" என்றார்.

உலகம் முழுவதும் ரேடான் கட்டட விதிகளின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தரைக்குக் காங்கிரீட் போடும் முன் ஜல்லிப் படுகையில் துளையிட்ட நாலங்குலப் பிவிசி குழாய் ஒன்றைப் பதித்து, அதன் மேல் கனமான பாலித்தீன் விரித்து, குழாயை மாடிக்கு மேலே கொண்டுபோய் விட்டால், மண்காற்று வீட்டுக்குள் நுழையாமல் நேரே வானத்துக்குப் போய்விடும். பிறகு அளந்து பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் விசிறி பொருத்தினால் போதும். கட்டும்போது ஆகும் செலவு சில மீட்டர் குழாயும் கொஞ்சம் பாலித்தீனும்தான். கட்டி முடித்த வீட்டில் இதையே செய்யத் தரையைத் துளைக்க வேண்டும். நம் ஊரில் மனை வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோம், வாஸ்து பார்க்கிறோம், போர் போட நீரோட்டம் பார்க்கிறோம். ரேடான் அளவை யாரும் கேட்பதில்லை. எல்லா வீட்டுக்கும் சட்டம் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காற்று ஓடும் ஓட்டு வீட்டுக்கும் கூரை வீட்டுக்கும் அது வீண் சுமை. நிலத்துக்குக் கீழே மக்கள் வேலை செய்யும் அறை, ஏசி போட்டு அடைத்த தரைத்தள வகுப்பறை, மருத்துவமனைகளின் கீழ்த்தளம் ஆகிய இடங்களுக்காவது, திட்ட அனுமதி தரும்போதே குழாய் வேண்டும் என்றும், குடியேறிய முதல் ஆண்டில் மூன்று மாத அளவீடு வேண்டும் என்றும் விதித்தால் என்ன? இரு மாவட்டங்களின் கல்லூரி இயற்பியல் துறைகளும் ஆளுக்கு நூறு குப்பிகள் தொங்கவிட்டாலே, எந்தப் பாறையின் மேல் எந்த வகை வீட்டில் எவ்வளவு என்று நம்மிடம் ஒரு வரைபடம் சேர ஆரம்பிக்கும்.

திருத்திய பிறகு கீழறையின் எண் 100-க்குக் கீழே வந்திருக்கிறது. ஆனால் அது பங்குனி, சித்திரையில், கதவு திறந்து கிடக்கும் வெயில் காலத்தில் எடுத்த அளவு. ஐப்பசி அளவோடு அதை ஒப்பிடுவது முறையாகாது. மழையில் வீட்டைச் சுற்றிய மண் ஈரமாகி அடைத்துக்கொள்ளும்போது, வீட்டுக்கு அடியிலுள்ள காய்ந்த மண்ணே வாயுவுக்கு வழியாகும் என்பதால் அந்தப் பருவத்தில்தான் சோதிக்க வேண்டும். வரும் ஐப்பசி முதல் தேதி கருவி மறுபடியும் மகனின் மேசைக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, அதே ஸ்டூலுக்குப் போகும். நோட்டில் ஆறு வாரத்துக்கான பக்கங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.